துச்சாதனன் மதில்

மரக்காணத்து உப்பளத்துக்குப் போகிற பெண்கள் விடியற்காலை நாலரைக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சித்திரை மாதத்தில் பன்னிரண்டு மணிக்கு மேல் பாத்தியில் நின்றால் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குருடாக்கிவிடும். அளத்துக்குப் போகிற வழி திரௌபதி அம்மன் கோயிலின் தெற்கு மதிலை ஒட்டியே போகிறது. மதில் தொடங்கும் இடத்திலேயே ராசம்மாள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். பின்னால் வருகிறவர்களும் வைத்துக்கொள்வார்கள். எட்டாவது படத்தைத் தாண்டுகிறவரை ஒருத்தியும் மூச்சு விடமாட்டாள். சூர்யகலா மூக்கை மூடுவதோடு தலையையும் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். எட்டாவது படத்தில் நிற்பது அவள்தான். அது அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் தெரியும்.

இதென்ன கண்ராவி என்று கேட்டால், மதில் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மதிலுக்குக் கிழக்கே நூறு தப்படியில் ஒயின்ஷாப். மேற்கே பாண்டிச்சேரி பஸ் நிற்கிற இடம். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளையடித்த மதில். குடித்துவிட்டு வருகிறவன் எங்கே நிற்பான்? அங்கேதான் நின்றான். இத்தனைக்கும் இருபதடி தள்ளி ஒரு கழிப்பிடம் இருக்கிறது. கதவு இருக்கிறது, தண்ணீர் வருகிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் சில ஜென்மங்களுக்கு மதிலைப் பார்த்தால்தான் வரும்.

கோயில் தலைவர் தெய்வசிகாமணி முதலில் டைல்ஸ் ஒட்டினார். எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான். பிள்ளையார் ஒன்று, முருகன் ஒன்று, ஏசு ஒன்று, மக்கா ஒன்று என்று ஆறடிக்கு ஒரு சாமி. ஆம்பளைகள் ஆறடிக்கு நடுவில் மூன்றாவது அடியில் நின்று பேய்ந்தார்கள். அளவெடுத்த மாதிரி நின்றார்கள். இரண்டு மழைக்குள் உப்புக்காற்று சிமெண்டைத் தின்று டைல்ஸெல்லாம் கீழே விழுந்தது. விழுந்த சாமிகளைப் பொறுக்கி அரசமரத்தடியில் வைத்துவிட்டுத் தெய்வசிகாமணி கொஞ்ச நாள் யோசித்தார். பிறகு அரவிந்தனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அரவிந்தன் சூர்யகலாவின் புருஷன். பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவர், படகில் பேர், லாரி நெற்றியில் ஐயனார் என்று கைக்கு வந்ததை எல்லாம் வரைகிறவன்.

"பாரதத்த மதிலுல வரைஞ்சிடுப்பா" என்றார் தலைவர். "இருபத்தோரு படம். கூத்து பாக்க இப்ப எந்தப் பிள்ள விடிய விடிய உக்காருது? செவுத்துல கதை இருந்தா பள்ளிக்கூடம் போறப்பவே நடந்துகினே படிச்சிடும். எழுத்து தெரியாத பொம்பளைக்கும் விளங்கும். சாமி கதைய பாத்தா எவனும் அங்க நிக்கவும் மாட்டான்."

நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றும் சொன்னார்.

"மூஞ்சிங்கள கீழ வரை. மூணாங்கிளாஸ் பிள்ளை அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும்ல. அதுங்க கண்ணுக்கு நேரா முகம் தெரியணும்."

சாமி முகத்தைக் கீழே இறக்க அரவிந்தனுக்கு மனம் வரவில்லை. கண்ணனையும் தருமரையும் மேலே வைத்தான். கெட்டவர்களை எல்லாம் கீழே கொண்டுவந்தான். எட்டாவது படத்தில் துச்சாதனன் ஒற்றை முழங்காலை மடித்து உட்கார்ந்து, சேலையைச் சுருட்டிச் சுருட்டி இழுத்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு ஒரு மூன்றாங்கிளாஸ் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருந்தது. வளர்ந்த ஆம்பளைக்கு அது இடுப்புக்கு நேர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆண்களை எல்லாம் அவன் மனசிலிருந்தே வரைந்துவிட்டான். வலை இழுக்கிறவனையும் உப்பு வாருகிறவனையும் தினம் பார்க்கிறவனுக்கு பீமனும் துரியோதனனும் பெரிய காரியமில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற பாஞ்சாலிதான் வரவில்லை. மூன்று தரம் காகிதத்தில் போட்டுப் பார்த்தான். மூன்று தரமும் கொடியில் துணி உலர்த்துகிறவள் மாதிரியே வந்தது.

கடைசியில் வீட்டுக்குப் பின்னால், ஓலைத் தடுக்குக்குள் சூர்யகலாவை நிறுத்தினான். பழைய நூல்சேலையின் ஒரு முனையை முருங்கை மரத்தில் கட்டினான். மறுமுனை அவள் இடுப்பில். காலையெல்லாம் உப்புக் கூடை தூக்கி இறங்கிப்போன தோளோடு நாலு நாள் மத்தியானம் அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"தூக்கு. இன்னும் தூக்கு கலா. நீ இழுத்துப் புடிக்காத. விட்டுட்ட. இனிமே அவரு பாத்துக்குவாருன்னு கைய மேல தூக்கிட்ட."

"அவரு எப்பங்க வருவாரு? கை விட்டுப் போவுது."

முகம் மட்டும் உற்சவ அம்மனின் முகம். மற்றதெல்லாம் அவள். கால்களை வரையும்போது அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. உப்புத்தண்ணீரில் இருபது வருஷம் ஊறின கால். பாளம் பாளமாக வெடித்த குதிகால். இடது கட்டைவிரலில் நகம் கிடையாது, பலகை விழுந்து போனது போனதுதான். ஒன்றைக்கூட அவன் விடவில்லை.

"இன்னாங்க இது. ராணி காலு இப்டியா இருக்கும்?"

"தலமயிரப் புடிச்சித் தரதரன்னு இழுத்தாந்த பொம்பளைக்கு வேற எப்டி இருக்கும்?" என்றான்.

அந்த வார்த்தைக்காக அவள் அவனை அன்றைக்கு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் காலை அவன் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

மதில் முடிந்தது. முதல் வாரம் ஊரே வந்து பார்த்தது. பெருமுக்கல் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த சாலம்மாள் எட்டாவது படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றி, பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நம்ம வூட்டுப் பொம்பள கணக்கா நிக்கறா பாரேன்" என்று அழுதாள். சூர்யகலா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அன்றைக்குச் சாயந்திரம் கருவாட்டுக் குழம்பு வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

எட்டாம் நாள் லோடுமேன் கலியன் அந்தப் படத்தின் முன்னால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். பூசாரி பார்த்துவிட்டார்.

"டேய், அம்மன்டா அது."

"அம்மன் மேலயா பேயறேன்? துச்சாதனன் மேல பேயறேன். பொம்பள சேலைய உருவுற நாய்க்கு இதான் பூசை" என்றான் கலியன்.

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் உத்தரவாகப் போயிற்று. கண்ணன் இருக்கிற படத்தில் பாவம், தருமர் படத்தில் பாவம், துச்சாதனன் மேல் பேய்ந்தால் புண்ணியம். ஊர் ஆம்பளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்த சாஸ்திரம் இது. நெற்றி நிறைய விபூதி பூசினவனும் வந்து நின்றான். சபரிமலைக்கு மாலை போட்டவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றான். மீசை வரைக்கும் எட்டுகிறதா என்று இரண்டு பேர் பந்தயம் கட்டியதை மூன்றாமவன் செல்லில் படம் எடுத்தான். பஸ் ஏறப்போகிறவன், "துச்சாதனன பாத்துட்டு வந்துடறேன்" என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் அர்த்தமாயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒரு பயல் டீச்சரிடமே அப்படிச் சொல்லி லீவு கேட்டானாம். பாரதம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்த லட்சணம் அது.

துச்சாதனன் மேல் விழுந்தது துச்சாதனனோடு நிற்குமா? தெறிக்கும். வழியும். பக்கத்தில் ஒரு சாண் தள்ளி அவள் கால்கள். ஒரு மாதத்தில் பெயிண்ட் கொப்புளித்தது. குதிகாலில் மஞ்சளாக உப்புப் பூத்தது. பகலெல்லாம் ஈ.

சூர்யகலாவுக்குக் கூழ் இறங்கவில்லை. அளத்தில் பாத்தியில் இறங்கும்போது காலில் தண்ணீர் பட்டால் உடம்பு கூசிற்று. வீட்டுக்கு வந்து செங்கல் தூளால் பாதத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாள். தேய்த்துவிட்டுக் குடத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எடுத்துக்கொண்டு மதிலுக்குப் போவாள். மத்தியான வெயிலில் ஊர் அடங்கியிருக்கிற நேரம். கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி ஒருவன் வந்து நிற்பான். அவள் குடத்தோடு போகும்வரை மரியாதையாகக் காத்திருக்கவும் செய்வான். நாகரிகம் தெரிந்தவன்.

"உனுக்கு இன்னாத்துக்குடி இந்த வேலை?" என்று ராசம்மாள் ஒருநாள் அளத்தில் கேட்டாள். இரண்டு பேரும் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வரப்பில் உப்பைக் குவிக்கிற அம்பாரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். உப்பிலிருந்து நீர் சொட்டிக் கழுத்தில் இறங்கியது.

"கோயிலு செவுருக்கா."

"கோயிலுக்குத் தலைவரு இருக்காரு, பூசாரி இருக்காரு. உம் புருசன் வரைஞ்சிட்டாருன்னா நீ ஆயுசுக்கும் மூத்திரம் கழுவணுமா?"

"நாத்தம் புடிக்கலக்கா."

"எனுக்கு மட்டும் மல்லிப்பூவா மணக்குது? நான் மூக்கப் பொத்திக்கினு போவல? இன்னாவோ உன் மேலயே பேஞ்ச மாதிரி பண்றியே."

சூர்யகலா கூடையை அம்பாரத்தில் கவிழ்த்தாள். உண்மையைச் சொன்னால், ஓலைத் தடுக்குக்குள் நின்றது ஊர் வாய்க்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மதிலுக்கு வருகிறவன் எல்லாம் எதை எதைப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு நேராகத் தலைவரிடம் போனாள். தெய்வசிகாமணி கோயில் பந்தலில் நாலு பேரோடு உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தீமிதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

"வாம்மா கலா. அளத்துலேந்து நேரா வர்றியா? நுங்கு சாப்புடு."

"வேணாங்க. அந்த எட்டாவது படத்த அழிச்சிடச் சொல்லுங்க."

"எத்த, துகில் உரியறதா?"

"ஆமாங்க. தெனம் அதும் மேல பேயறாங்க. நானும் தெனம் கழுவுறேன்."

"தெரியும்மா. உனுக்குப் புண்ணியம். ஆனா ஒண்ணு பாரு. மின்ன மதிலு முழுக்கப் பேஞ்சானுங்க. இப்ப மத்த இருபது படமும் கண்ணாடி மாதிரி இருக்குதா இல்லியா? ஒரே ஒரு எடந்தான். நாம முக்காவாசி ஜெயிச்சிட்டோம்."

"அந்த ஒரு எடத்துல அம்மன் நிக்குதுங்களே."

"அம்மன் மேலயா பேயறான்? துச்சாதனன் மேல இருக்கிற கோவத்துல பேயறான். கதை எவ்ளோ உள்ள போயிருந்தா அவ்ளோ கோவம் வரும், சொல்லு. படம் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"கோவம் வந்தா அடிப்பாங்க, திட்டுவாங்க. பேயறது எந்த ஊரு கோவங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"இதோ பாரு. அம்மன் உள்ள கர்ப்பகிருகத்துல இருக்கா. மதிலுல இருக்கிறது பொம்மை. ஒன்பதாவது படத்துல கூந்தல விரிச்சிப் போட்டுக்கினு சபதம் போடறா. எட்டு இல்லன்னா எதுக்குச் சபதம்னு பிள்ளைங்க கேக்கும்ல? தீமிதி முடியட்டும், பாப்போம்."

வீட்டில் அரவிந்தன் அவளைவிட அதிகமாகக் கொதித்தான். பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே திட்டினான்.

"மனுஷனுங்களா இவனுங்க? சோறுதான துண்றானுங்க? முந்தாநாள் அந்தப் பக்கமா போய்ட்டு வந்து வாந்தியே எடுத்துட்டேன்."

"அப்ப நீங்களே அழிச்சிடுங்க. பிரஷ்ஷு உங்கள்துதான."

பிசைந்த கை நின்றது. "கலா, என் கைலேந்து வந்ததுல அதான் நல்ல படம். திண்டிவனத்துலேந்து ஒரு கோயில்காரங்க அத்தப் பாத்துட்டுத்தான் போன் பண்ணாங்க. நான் பேசறேன். கலியன்கிட்டயே பேசறேன். உன் மேல ஒருத்தன் பேய நான் உட்ருவனா?"

அவன் பேசுவான் என்று அவள் நம்பினாள். நாலு நாள் நம்பினாள்.

ஐந்தாம் நாள் அளத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பத்தரை மணிக்கே காலிக் கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சூர்யகலாவும் ராசம்மாளும் அளத்தில் கூட வேலை செய்கிற வேலம்மாளும் மதில் வழியாக வந்தார்கள். எட்டாவது படத்தின் முன்னால் இரண்டு பேர் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். ஒருவன் கலியன். இன்னொருவன் நீலக்கட்டம் போட்ட லுங்கியைத் தூக்கிப் பிடித்திருந்தான். சட்டை முதுகில் பச்சைப் பெயிண்ட். அந்தக் கறையை இரண்டு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை என்று அவள்தான் விட்டுவிட்டாள்.

"ஆர்ட்டிஸ்டே, மீசைல சாயம் போயிடுச்சிபா. திருவிழாவுக்கு மின்ன ஒரு கோட்டிங் குடுத்துடு" என்றான் கலியன்.

"குடுப்பம் குடுப்பம்" என்று அரவிந்தன் சிரித்தான். சாராய நாற்றம் பெண்கள் நின்ற இடம்வரை வந்தது.

சூர்யகலா நின்றாள். அவன் முடித்து, உதறி, லுங்கியை இறக்கிக் கட்டித் திரும்புகிறவரை நின்றாள்.

"கலா" என்றான். முகம் செத்துப்போய்விட்டது. "அவசரமா வந்துட்டுது. கலியன்தான் இட்டுக்கினு வந்தான். எல்லாரும் இங்கதான..."

அவள் தலையிலிருந்த கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அவன் மேலதான் கலா. அம்மன் சத்தியமா. உன் காலு மேல ஒரு சொட்டு படாமப் பாத்துதான் பேஞ்சேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ராசம்மாள் படத்தில் இருந்த காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, உப்பு காய்ந்து வெள்ளையாய் இருந்த சூர்யகலாவின் காலைப் பார்த்தாள். வேலம்மாளும் பார்த்தாள். கலியன் மட்டும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒயின்ஷாப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அடப்பாவி" என்றாள் ராசம்மாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

சூர்யகலாவுக்கு ஆத்திரம் வரவில்லை. ஆத்திரம் வந்திருந்தால் தேவலை. வந்தது குமட்டல். அவனோடு ஒரே தட்டில் தின்றது, ஒரே பாயில் படுத்தது, முருங்கை மரத்தடியில் கை வலிக்க நின்றது, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய் அவன் பெயிண்ட் வைத்திருக்கிற மூலையிலிருந்து வெள்ளை பிரைமர் டப்பாவையும் நாலங்குல பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நான் இன்னா செய்யட்டும்டி?" என்றாள் ராசம்மாள். அவளும் வேலம்மாளும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"தண்ணி மொண்டாந்து ஊத்துக்கா. கழுவிட்டுத்தான் பூசணும்."

காலிலிருந்து ஆரம்பித்தாள். குதிகால், நகமில்லாத விரல், கணுக்கால். பிறகு இடுப்பு, தோள், தூக்கின இரண்டு கைகள். கடைசியில் வேலம்மாள் டீக்கடையிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்து போட, ஏறி நின்று முகத்தைப் பூசினாள். உற்சவ அம்மனின் முகம் என்பதால் முகத்தை மட்டும் ஒரு தரம் கும்பிட்டாள். பாஞ்சாலியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. துச்சாதனன் அப்படியே இருந்தான். சேலையும் இருந்தது. அவன் கையில் சுருண்ட சேலை மூன்றடி நீளத்துக்கு அந்தரத்தில் நீண்டு, வெள்ளையில் போய் முடிந்தது. பின்னால் பீஷ்மர், துரோணர், ஐந்து புருஷர்கள், நூறு கௌரவர்கள் என்று மொத்தச் சபையும் ஒன்றுமில்லாத சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரோ போன் பண்ண, தெய்வசிகாமணி வண்டியில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா பண்ணிட்ட? அம்மன அழிச்சிட்டியே."

"அம்மன் உள்ள இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. நான் என்னத்தான் அழிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. ராசம்மாள் புரியவைத்தாள். எந்த வார்த்தையில் சொல்ல வேண்டுமோ அந்த வார்த்தையிலேயே சொன்னாள். தலைவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சூர்யகலாவின் காலைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"சரிம்மா. தப்புதான். ஆனா கதை கெட்டுப்போச்சே. பிள்ளைங்க வந்து அம்மன் எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"உங்க நாத்தம் தாங்காம எழுந்து போயிட்டான்னு சொல்லுங்க" என்றாள். டப்பாவை மூடினாள். "இனிமே இங்க ஆம்பளைங்க மட்டுந்தான் இருக்கீங்க. தாராளமா பேயுங்க."

தீமிதிக்குள் படத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்று தலைவர் அரவிந்தனுக்கு உத்தரவு போட்டார். அவன் மூன்று நாள் மதிலின் முன்னால் உட்கார்ந்தான். வரைந்தான், அழித்தான், மறுபடி வரைந்தான். துணி உலர்த்துகிறவள்தான் வந்தாள். இடுப்பு வந்தால் தோள் வரவில்லை. தோள் வந்தால் கால் யாரோ ஒரு நாட்டியக்காரி காலாக இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து மாங்காயைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியிலேயே நின்றான். இப்போதெல்லாம் உள்ளே வருவதில்லை.

"கலா. ஒரே ஒரு தரம். பத்து நிமிஷம் வந்து நில்லு. காலு மட்டும் போட்டுக்கறேன்."

அவள் கூழைக் குடித்து முடித்தாள். சட்டியில் ஒட்டியிருந்ததைக் கையால் வழித்துத் தின்றாள். பதினேழு வருஷமாக அவனை நீங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்ளோ கிட்டத்துல நின்னு பேஞ்சியே, அப்பப் பாத்திருப்ப இல்ல? அத்த நெனச்சிக்கினு வரை."

அவன் கையிலிருந்த பென்சிலைச் சட்டைப் பையில் செருகினான். பிறகு போய்விட்டான். அந்த வருஷம் தீமிதிக்கு எட்டுக் கிராமத்து சனம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் மதிலை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, எட்டாவது படத்தில் நின்று, பாஞ்சாலி எங்கே என்று கேட்டார்கள். ஊர் ஆம்பளைகள் ஒவ்வொருவராகப் பந்தல் பக்கம் நழுவினார்கள்.